வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணக்கில் கம்பளிக் குல்லா: ரிப் பின்னல் முழுமையான வழிகாட்டி

பின்னல் பழகுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மஃப்ளரில்தான் கை வைப்பார்கள். அது நீண்டுகொண்டே போகும், பாதியில் அலுத்துப்போய் பையில் கிடக்கும். என்னைக் கேட்டால் முதலில் பின்ன வேண்டியது குல்லா. வேலை சிறிது, நூலும் கொஞ்சம்தான் ஆகும். கண்ணி ஏற்றுவது (ஊசியில் முதல் வரிசை வளையங்களைப் போடுவது), வட்டமாகச் சேர்ப்பது, ரிப் (நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் பின்னல்), கண்ணி குறைப்பது என்று பின்னலில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான நான்கு வேலைகளும் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைக் கண்ணிகளும் ஓரளவு கைவந்திருந்தால் போதும், கீழே உள்ளதை வைத்துப் பின்னிவிடலாம். பச்சைக் குழந்தை முதல் தாத்தா வரை எல்லோருக்கும் கணக்கு ஒன்றுதான். ஏற்றும் கண்ணிகளும் உயரமும் மட்டும் மாறும்.

ஏன் ரிப்?

நிட் கண்ணியும் பர்ல் கண்ணியும் வேறு வேறல்ல. ஒரே கண்ணியை முன்பக்கம் பார்த்தால் நிட், பின்பக்கம் பார்த்தால் பர்ல். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்னும்போது நிட் பத்திகள் முன்னால் எழும்பும், பர்ல் பத்திகள் உள்ளே போய் மறைந்துகொள்ளும். துணி அகலத்தில் தானாகவே சுருங்கிவிடுகிறது. இழுத்தால் விரியும், விட்டால் திரும்பிவிடும். அளவு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தவறினாலும் குல்லா தலையில் சரியாக உட்காருவதற்கு இதுதான் காரணம். மேடும் பள்ளமுமாக இருப்பதால் இடையில் காற்றும் தங்கும். கதகதப்பைத் தருவது அந்தக் காற்றுதான்.

இன்னொரு வசதியும் உண்டு. 2×2 ரிப்பில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் ஓரத்தை வெளிப்பக்கமாக மடித்துவிட்டாலும் அழகு கெடாது. உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகவே போய்விடும் என்று பலரும் சொல்வது உண்மையல்ல. பெரியவர்களின் உடல் பரப்பில் தலை ஏறக்குறைய 10 சதவீதம்தான், வெளியேறும் சூடும் ஏறத்தாழ அந்த அளவுதான். ஆனால் குளிர்காற்றில் முதலில் வலிக்கத் தொடங்குவது காது. மடிப்பு காதின்மேல் இரட்டை அடுக்காக வந்து உட்கார வேண்டும். குல்லாவின் உயரத்தைக் கணக்குப் போடும்போது இதை மனதில் வையுங்கள்.

நூலும் ஊசியும்

லேபிளில் ‘வொர்ஸ்டட்’ அல்லது 4 என்று போட்டிருக்கும் நடுத்தரத் தடிமன் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் குல்லாவுக்கு மடிப்பையும் சேர்த்து 100 கிராம், அதாவது ஏறக்குறைய 200 மீட்டர், தாராளமாகப் போதும். சிறுவர்களுக்கு 60 முதல் 70 கிராம், குழந்தைகளுக்கு 50 கிராமுக்குள் முடிந்துவிடும்.

கம்பளி நூல்தான் என் முதல் தேர்வு. அதன் இழை இயல்பிலேயே நெளிநெளியாக இருப்பதால் ரிப் நன்றாகச் சுருங்கி விரியும். ஈரத்தையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும், தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரம் ஏறினாலும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. குத்துமோ என்று சந்தேகம் இருந்தால் நூலைக் கழுத்தின் பக்கவாட்டில் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். விரல் நுனிக்கு மென்மையாகத் தெரிவதும் நெற்றியில் உறுத்தலாம், கழுத்துதான் சரியாகச் சொல்லும். மெரினோ என்ற மென்மையான கம்பளி வகை பெரும்பாலானவர்களுக்கு உறுத்தாது. இயந்திரத்தில் துவைப்பவர் வீட்டுக்கு என்றால் ‘சூப்பர்வாஷ்’ கம்பளியோ நல்ல அக்ரிலிக்கோ எடுக்கலாம். பருத்தி நூல் இந்தக் குல்லாவுக்கு ஒத்துவராது. அதற்கு மீளும் தன்மை குறைவு, நாலைந்து முறை போட்டதும் ரிப் தொய்ந்துவிடும். உதிரும் மொஹேர் (ஆட்டு ரோம நூல்) வகையும் குழந்தைகளுக்கு வேண்டாம், இழை வாய்க்கும் மூக்குக்கும் போகும்.

முதல் குல்லாவுக்கு வெளிர் நிறம் எடுங்கள். கருப்பிலும் கருநீலத்திலும் எது நிட், எது பர்ல் என்று இரவு வெளிச்சத்தில் கண்டுபிடிப்பதற்குள் கண் வலித்துவிடும்.

ஊசி 4.5 மி.மீ. கேபிள் வைத்த வட்ட ஊசி, 80 செ.மீ. நீளத்தில் ஒன்று இருந்தால் எல்லா அளவுக்கும் அதுவே போதும். 40 செ.மீ. வட்ட ஊசியில் பெரியவர் குல்லாவின் உடல்பகுதியைச் சுகமாகப் பின்னலாம். ஆனால் உச்சியில் கண்ணிகள் குறையும்போது அது சுற்றி எட்டாது, குழந்தைக் குல்லாவுக்கோ தொடக்கத்திலேயே எட்டாது. 80 செ.மீ. ஊசியில் கண்ணிகளை இரண்டு பாதியாகப் பிரித்து, நடுவில் கேபிளை ஒரு வளையமாக வெளியே இழுத்து, ஒவ்வொரு பாதியாகப் பின்னிக்கொண்டு போகலாம். இதை ‘மேஜிக் லூப்’ என்பார்கள். கையில் இரண்டு நேர் ஊசிகள்தான் இருக்கின்றன என்றாலும் பரவாயில்லை, அதற்கான வழியைப் பின்னால் சொல்கிறேன்.

இவை தவிர சுற்றின் தொடக்கத்தைக் காட்ட ஒரு மார்க்கர் (வேறு நிற நூலில் முடிச்சுப் போட்ட வளையமே போதும்), அளவு நாடா, கத்தரிக்கோல், மழுங்கல் முனையுள்ள பெரிய காது ஊசி, ஒரு குரோஷா ஊசி.

அளவு

நாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்து, காதின் மேல்நுனியைத் தொட்டு, பின்தலையில் அதிகம் புடைத்திருக்கும் இடத்தின் மேலாகச் சுற்றி எடுங்கள். கொண்டை போடுகிறவர் என்றால் போட்டபடியே அளக்க வேண்டும். தெரியாமல் பின்னிக் கொடுக்க ஆசை என்றால் அவருக்குச் சரியாக இருக்கும் பழைய தொப்பியின் உட்சுற்றை அளந்துகொள்ளுங்கள்.

குல்லா தலையைவிடச் சிறியதாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். தலைச் சுற்றளவில் 85 சதவீதம் வைத்தால் போதும். கீழே உள்ள எண்கள், சாதாரண நேர்ப்பின்னலில் (முன்பக்கம் நிட், பின்பக்கம் பர்ல்) 10 செ.மீ.க்கு 20 கண்ணி வருகிறவர்களுக்கானவை. குறைப்பு தொடங்கும் உயரத்தை ஏற்றிய ஓரத்திலிருந்து அளக்க வேண்டும், மடிப்பும் அதற்குள் அடக்கம்.

பிறந்த குழந்தை (தலை 35–37 செ.மீ.): 64 கண்ணி, குறைப்பு 12 செ.மீ.யில், மடிப்பு 3 செ.மீ.
6 மாதம் முதல் 1 வயது (42–45): 72 கண்ணி, 15 செ.மீ., மடிப்பு 4
1 முதல் 3 வயது (46–49): 80 கண்ணி, 18 செ.மீ., மடிப்பு 5
4 முதல் 10 வயது (50–53): 88 கண்ணி, 20 செ.மீ., மடிப்பு 5
பெரியவர், நடுத்தரம் (54–57): 96 கண்ணி, 23 செ.மீ., மடிப்பு 6
பெரியவர், பெரிய தலை (58–61): 104 கண்ணி, 25 செ.மீ., மடிப்பு 6

வயதைப் பார்த்து எண்ணை எடுக்காதீர்கள், தலையை அளந்து எடுங்கள். மூன்று வயதிலேயே 51 செ.மீ. தலை உள்ள பிள்ளைகள் உண்டு.

உங்கள் நூல் வேறு தடிமனா? 24 கண்ணி ஏற்றி நேர்ப்பின்னலில் ஒரு கை அகலத் துண்டு பின்னி, அதன் நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 16 வருகிறது, தலை 56 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 56இல் 85 சதவீதம் 47.6. சென்டிமீட்டருக்கு 1.6 கண்ணி வீதம் பெருக்கினால் 76-க்குச் சற்று மேல். அதற்கு அருகில் எட்டால் வகுபடும் எண் 80. அதுதான் ஏற்ற வேண்டியது. ஏன் எட்டு என்பது உச்சிக்கு வரும்போது புரியும்.

கண்ணி ஏற்றுதல்

ஒரு குல்லாவை எல்லா நாளும் விரும்பிப் போடுவார்களா, அலமாரியில் கிடக்குமா என்பதைப் பெரும்பாலும் இந்த முதல் வரிசைதான் தீர்மானிக்கிறது. ஓரம் இறுகிவிட்டால் நெற்றியில் கோடு விழும், ஓரிரு முறைக்குமேல் யாரும் போட மாட்டார்கள். உள்ளே ரிப் எவ்வளவு விரிந்தாலும் ஓரம் விரியாவிட்டால் பயனில்லை.

நீண்ட வால் (நூலின் தொங்கும் முனை) விட்டு ஏற்றும் முறையையே பயன்படுத்துங்கள். வால் நூல் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு வழி: நூலை ஊசியில் 10 முறை சுற்றி, பிரித்து அளங்கள். பத்துக் கண்ணிக்கு அவ்வளவு ஆகும். 96 கண்ணிக்கு அதைப்போல் பத்து மடங்கு எடுத்து, கடைசியில் ஒரு முழம் கூடுதலாக விட்டுக்கொள்ளுங்கள்.

ஓரம் தளர்வாக வர வேண்டும் என்று பலரும் பெரிய ஊசியில் ஏற்றுகிறார்கள். அதனால் பெரிதாவது கண்ணியின் வளையம்தான். ஓரம் விரிவதற்கான நூல் இருப்பது ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவில். எனவே அதே 4.5 ஊசியில், ஒவ்வொரு கண்ணியை இறுக்கும்போதும் முந்தைய கண்ணிமேல் வலது ஆள்காட்டி விரலை வைத்து, விரல் நகர்ந்து இடம் கொடுக்கும் அளவு இடைவெளி விட்டு ஏற்றுங்கள். இருபது கண்ணி ஏற்றியதும் ஊசியிலேயே அந்தப் பகுதியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். சுருக்கென்று நின்றுவிட்டால் அவிழ்த்து மறுபடி ஏற்றிவிடுங்கள். இந்தக் கட்டத்தில் அவிழ்ப்பது மிகச் சுலபம்.

வட்டமாகச் சேர்த்தல்

ஏற்றிய கண்ணிகள் ஊசியில் ஒருமுறை முறுக்கிக்கொண்டால் பின்னலும் முறுக்கிய வளையமாகவே வளரும், பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை. அதனால் முதல் வரிசையைச் சேர்க்காமலே பின்னுங்கள்: 2 நிட், 2 பர்ல் என்று கடைசி வரை. இப்போது துணிக்கு ஓர் அகலம் வந்துவிடும், முறுக்கு இருந்தால் கண்ணுக்கு உடனே தெரியும். ஓரம் முழுவதும் உள்பக்கம் பார்த்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மார்க்கரைப் போட்டு, முதல் கண்ணியில் பின்னி வட்டமாக்குங்கள். கீழே ஒரு வரிசை உயரத்துக்குச் சின்ன இடைவெளி இருக்கும், கடைசியில் வால் நூலால் இரண்டு தையல் போட்டால் மறைந்துவிடும். முதல் இரண்டு சுற்றுகளில் சேர்த்த இடத்தில் நூலைச் சற்று இழுத்துப் பின்னுங்கள்.

உடல்பகுதி

இனி ஒவ்வொரு சுற்றும் 2 நிட், 2 பர்ல். நிட்டிலிருந்து பர்லுக்குப் போகும்போது நூலை இரண்டு ஊசி முனைகளுக்கும் நடுவே முன்னால் கொண்டுவர வேண்டும், பர்ல் முடிந்ததும் அதே வழியில் பின்னால் கொண்டுபோக வேண்டும். ஊசிக்கு மேலாகக் கொண்டுபோனால் ஒரு கூடுதல் கண்ணி பிறந்துவிடும், அடியில் ஓட்டையும் விழும். திடீரென்று கண்ணி எண்ணிக்கை ஏறினால் முதலில் இதைத்தான் தேட வேண்டும்.

எண்ணிக்கொண்டே பின்ன வேண்டியதில்லை. நாலைந்து சுற்று ஆனதும் இடது ஊசியிலுள்ள கண்ணியைப் பாருங்கள். அதன் அடியில் ‘வி’ வடிவம் இருந்தால் நிட், கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை இருந்தால் பர்ல். இந்தப் பார்வை பழகிவிட்டால் பேசிக்கொண்டே பின்னலாம், இடையில் யாராவது கூப்பிட்டாலும் விட்ட இடம் தெரியும்.

நிட் பத்திகளின் இடது பத்தி மட்டும் தளர்ந்து பெரிதாகத் தெரிகிறதா? பர்லுக்கு நூல் முன்னால் வரும் தூரத்தில் கூடுதல் நூல் சேர்வதால் அப்படி ஆகிறது. நிட்டுக்கு அடுத்த முதல் பர்லைப் பின்னியதும் நூலைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் சரியாகிவிடும். சரியாகாத மிச்சம் துவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

5 செ.மீ. ஆனதும் கண்ணிகளை நீளமான நூலில் கோத்துக்கொண்டு ஒருமுறை தலையில் போட்டுப் பாருங்கள். பெரிதா, சிறிதா என்று இங்கேயே தெரிந்துவிடும். பிறகு அட்டவணையில் உள்ள உயரம் வரை பின்னிக்கொண்டே போங்கள். அளக்கும்போது துணியை மேசையில் தட்டையாக வையுங்கள், மடியில் வைத்து அளந்தால் ஒரு சென்டிமீட்டராவது ஏமாற்றும்.

உச்சி

நான்கு கண்ணி கொண்ட ஒவ்வொரு ரிப்பையும் முதலில் மூன்றாக்குகிறோம், பிறகு இரண்டாக, பிறகு ஒன்றாக, கடைசியில் இரண்டிரண்டாகச் சேர்க்கிறோம். அப்படிச் சேர்க்க ரிப்புகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். அதனால்தான் எட்டால் வகுபடும் எண்.

சுற்று 1: 2 நிட், அடுத்த 2 பர்லைச் சேர்த்து ஒரே பர்ல். கடைசி வரை இப்படியே.
சுற்று 2, 3, 4: 2 நிட், 1 பர்ல்.
சுற்று 5: 2 நிட்டைச் சேர்த்து ஒரே நிட், 1 பர்ல்.
சுற்று 6, 7: 1 நிட், 1 பர்ல்.
சுற்று 8: எல்லாக் கண்ணிகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்து நிட்.
சுற்று 9: எல்லாம் நிட்.
சுற்று 10: மறுபடியும் இரண்டிரண்டாகச் சேர்த்து நிட்.

96இல் தொடங்கியிருந்தால் 72, 48, 24, 12 என்று குறைந்துவரும். ஒவ்வொரு குறைப்புச் சுற்றுக்குப் பிறகும் எண்ணிவிடுங்கள். கண்ணி ஏற்றிய பிறகு, இந்தக் குல்லாவில் எண்ணியே ஆக வேண்டிய இடம் இது ஒன்றுதான். முதல் குறைப்பு பர்லில் நடப்பது சும்மா அல்ல. பர்ல் பத்தி உள்ளே ஒளிந்திருப்பதால் குறைத்தது வெளியே தெரியாது, நிட் பத்திகள் உச்சியை நோக்கி நெருங்கி வருவது மட்டுமே தெரியும்.

நூலை 25 செ.மீ. விட்டு வெட்டுங்கள். காது ஊசியில் கோத்து, மீதியுள்ள கண்ணிகள் எல்லாவற்றின் உள்ளேயும் ஒரு சுற்று செலுத்தி, பின்னல் ஊசியை உருவிவிட்டு, மெல்ல இழுங்கள். துளை மூடியதும் இன்னொரு சுற்று அதே கண்ணிகள் வழியாக ஓட்டி, உள்பக்கம் கொண்டுபோய் முடியுங்கள். ஒரே சுற்றோடு விட்டால் நாளடைவில் துளை திறந்துகொள்ளும்.

நூல் முனைகள்

முனைகளைப் பர்ல் பத்தியோடு ஒட்டி மேலே ஆறேழு கண்ணி ஓட்டி, திசை திரும்பிக் கீழே நாலைந்து கண்ணி ஓட்டினால் கழன்று வராது. இறுக்க வேண்டாம், அந்த இடமும் விரிய வேண்டும் இல்லையா. ஏற்றிய ஓரத்தின் வால் நூலை மட்டும் வெளிப்பக்கத்தில் ஓட்டுங்கள். மடித்ததும் அந்தப் பக்கம்தான் மடிப்புக்குள் மறையும்.

நேர் ஊசியில் பின்னுவதென்றால்

அட்டவணை எண்ணோடு 2 கண்ணி கூடுதலாக ஏற்றுங்கள். முன்பக்க வரிசை 2 நிட்டில் தொடங்கி 2 நிட்டில் முடியும், பின்பக்க வரிசை 2 பர்லில் தொடங்கி 2 பர்லில் முடியும். பின்பக்கத்தில் எதிரே தெரிவதை அப்படியே பின்னினால் போதும். உயரம் வந்ததும், சுற்று 1 ஒரு முன்பக்க வரிசையில் வருமாறு பார்த்துத் தொடங்குங்கள். 8ஆம், 10ஆம் சுற்றுகளின் குறைப்புகள் பின்பக்கத்தில் விழும், அங்கே நிட்டாகச் சேர்ப்பதற்குப் பதில் பர்லாகச் சேருங்கள். வரிசை முடிவில் ஒற்றையாக மிஞ்சும் கண்ணியை அப்படியே பின்னிவிடலாம்.

பிறகு பக்கத்தைத் தைக்க வேண்டும். இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு கண்ணி உள்ளே தள்ளி, கண்ணிகளுக்கு இடையே உள்ள குறுக்குக் கம்பிகளை மாற்றி மாற்றி எடுத்துத் தைத்தால், இருபுறமும் மீதியிருக்கும் ஒவ்வொரு நிட் கண்ணியும் சேர்ந்து முழு நிட் பத்தியாகிவிடும். மடிப்பு வரும் பகுதியில் மட்டும் துணியைத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து தையுங்கள். இல்லாவிட்டால் மடித்ததும் தையல் தடிப்பு நெற்றிக்கு மேலே வெளியே தெரியும்.

தவறு விழுந்தால்

நான்கு வரிசை கீழே நிட் இருக்க வேண்டிய இடத்தில் பர்ல் விழுந்துவிட்டதா? முழுவதையும் அவிழ்க்காதீர்கள். அந்த ஒரு பத்தியை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டு, தவறிய கண்ணி வரை இறக்குங்கள். ஏணிபோலக் குறுக்குக் கம்பிகள் தெரியும். குரோஷா ஊசியை முன்பக்கமிருந்து கண்ணிக்குள் விட்டு, அடுத்த கம்பியைப் பிடித்து உள்ளே இழுத்தால் ஒரு நிட். இப்படியே ஏறி வந்து ஊசியில் மாட்டிவிடுங்கள். பர்ல் பத்தி என்றால் துணியைத் திருப்பிப் பிடித்து இதையே செய்யலாம்.

யாருக்கு என்ன கவனிக்கணும்

கைக்குழந்தைக் குல்லாவில் நாடா, பட்டன், உருண்டைக் குஞ்சம் எதுவும் வேண்டாம். வெளியே போகும்போது போட்டுவிடுங்கள், வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுங்கள். தூங்கும்போது கட்டாயம் போடக் கூடாது. குழந்தை அதிகச் சூட்டைத் தலை வழியாகத்தான் வெளியேற்றுகிறது, குல்லா முகத்தில் சரியும் ஆபத்தும் இருக்கிறது. காதுக்கருவி வைத்திருக்கும் பெரியவர்களுக்கு ஓர் அளவு பெரிதாக, எட்டுக் கண்ணி கூட்டிப் பின்னுங்கள். இறுக்கமான துணி கருவியில் உரசினால் அவர்களுக்குச் சத்தமாகக் கேட்கும். சிகிச்சையால் முடி உதிர்ந்தவர்களுக்கு மிக மென்மையான மெரினோ மட்டுமே. வெறும் தோலில் முடிச்சு உறுத்தும் என்பதால் நூலை இடையில் இணைக்க நேராமல் ஒரே உருண்டையில் முடியுங்கள்.

துவைப்பதும் பிறகு சரிசெய்வதும்

கம்பளி என்றால் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புக் கரைசல் விட்டு 15 நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் அலசுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் இறங்கிவிடும். தட்டையாக வைத்து நிழலில் காயவிடுங்கள், கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். காயும்போது ரிப்பை இழுத்து விரித்துவைக்காதீர்கள், அதன் மீள்தன்மை போய்விடும். அக்ரிலிக்கில் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது, சூட்டில் இழை தளர்ந்து மறுபடி சுருங்காது.

பரிசாகக் கொடுக்கும்போது நூலின் லேபிளையும் மிஞ்சிய நூலையும் சேர்த்தே கொடுங்கள். துவைக்கும் முறை லேபிளில் இருக்கும், நூல் பிறகு உதவும். பிள்ளைகளின் தலை ஒரு வயதுக்குப் பிறகு மெதுவாகத்தான் வளர்கிறது, ரிப்பும் விரிந்து கொடுக்கும். எனவே முதலில் போதாமல் போவது பெரும்பாலும் உயரம்தான். அப்போது மடிப்பை அகலம் குறைத்து இறக்கிவிடலாம். அதுவும் போதாதென்றால் உச்சியின் மூடிய நூலை வெட்டி, பத்துச் சுற்றையும் அவிழ்த்து, கண்ணிகளை மறுபடி ஊசியில் ஏற்றி, மிஞ்சிய நூலில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ரிப் கூட்டி, உச்சியைத் திரும்பப் பின்னுங்கள்.